பதியாத கோளாறு

காளிராஜ் ஓட்ட வேண்டிய வண்டி ஒரு வருடமாகச் சும்மா நின்றது. வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. தினம் காலையில் துடைப்பான். பேட்டரி இறங்காமல் இருக்க வாரத்துக்கு ஒருநாள் கடற்கரைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து ஷெட்டில் விடுவான். ஏறுவதற்குத்தான் ஆள் இல்லை. கீழக்கரையில் அந்த மாடி வீட்டில் இருந்தது காலிதா லாத்தா ஒருவர்தான். அங்கே அக்காவுக்கு லாத்தா, அண்ணனுக்குக் காக்கா. பிள்ளைகள் சென்னையில், கணவர் ஹமீது சுல்தான் துபாயில் கடை வைத்திருந்தார். லாத்தா எங்கே போவதானாலும் தெருமுனையில் நிற்கும் ஆட்டோவைக் கூப்பிட்டார். ஆட்டோ வந்து நிற்கும், அவர் ஏறிப் போவார், சொந்த வண்டியின் டிரைவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஒரு மனுசனுக்கு இதைவிட வேறு அவமானம் வேண்டுமா என்று நினைத்துக்கொள்வான் காளிராஜ். ஆனால் வாயைத் திறக்க மாட்டான். திறக்க அவனுக்கு யோக்கியதை இல்லை.

விஷயம் இதுதான். போன சித்திரையில் லாத்தாவை ராமநாதபுரம் கூட்டிப் போனான். தையல்கடை வாசலில் நிறுத்த இடமில்லை. கொஞ்சம் தள்ளி, வெயிலில் நிறுத்தினான். முழங்கால் வலிக்கிறது, நீயே போய்த் துணியை வாங்கிட்டு வா என்று சொல்லிவிட்டு லாத்தா பின்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். இவன் இறங்கி நடந்தபடியே, கையைப் பின்னால் நீட்டி ரிமோட்டை அமுக்கினான். எட்டு வருடப் பழக்கம். வெளியிலிருந்து அப்படிப் பூட்டிவிட்டால் அந்த வண்டியில் உள்ளே இருக்கும் கைப்பிடி ஒன்றும் வேலை செய்யாது. கண்ணாடியும் இறங்காது. திருடனுக்காக வெளிநாட்டுக்காரன் செய்து வைத்த ஏற்பாடு.

தையல்கடையில் பத்து நிமிடம். வெளியே வந்தால் ஊர்க்காரன் ஒருத்தன் எதிரே வந்தான். காளிராஜின் ஊர் உத்தரகோசமங்கைக்கு அந்தப் பக்கம். வீட்டுக்கு முக்கால் ஏக்கர் மிளகாய் உண்டு. குண்டு மிளகாய் என்ன விலைக்குப் போகிறது என்று ஆரம்பித்த பேச்சு டீக்கடையில் போய்த்தான் நின்றது. திரும்பி வந்தபோது வண்டியைச் சுற்றிக் கூட்டம். வாழைப்பழம் விற்கிற அம்மாள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே லாத்தா முக்காடு நனைந்து, முகம் வெளிறி, கையால் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தார். இவன் ஓடிவந்து திறந்தான். திறந்த கையோடு வாயும் திறந்தது.

"வண்டி தானா பூட்டிக்கிச்சு லாத்தா. லாக்குல ஏதோ கோளாறு."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. நாக்கு அதுவாகவே எடுத்துக் கொடுத்துவிட்டது. சொன்ன மறு நிமிடமே திரும்ப வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்தான். அந்த மறு நிமிடம் ஒரு வருடமாக வரவில்லை. லாத்தா அவனை ஒருமுறை பார்த்தார். யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பிறகு ஒரு ஆட்டோவைக் கைகாட்டி ஏறிவிட்டார். ராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை வரைக்கும் ஆட்டோ முன்னால் போக, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு காளிராஜ் பின்னாலேயே போனான்.

அன்றிலிருந்து லாத்தா அந்த வண்டியில் ஏறவில்லை. மதுரை ஷோரூமுக்குக் கொண்டுபோய்க் காட்டினான். லாக் நல்லாத்தான் இருக்கு, இது இந்த மாடலின் அமைப்பு, மாற்ற முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சம்பளம் மட்டும் ஒன்றாம் தேதி தவறாமல் வந்தது. அதை வாங்கும்போதெல்லாம் காளிராஜுக்குக் கை கூசும். அவன் மனைவி சுகந்தி, உண்மையைச் சொல்லித் தொலைங்களேன், தலையையா எடுத்துருவாக என்பாள். நாளைக்குச் சொல்கிறேன் என்பான்.

இப்போது நாளைக்கென்று தள்ள முடியாமல் ஆகிவிட்டது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஹமீது சுல்தான் லீவில் வருகிறார். வந்ததும் வண்டியை விற்றுவிடப் போவதாகப் போனில் சொல்லிவிட்டார். ஏறாத வண்டி எதற்கு, வண்டியே இல்லாத வீட்டுக்கு டிரைவர் எதற்கு. இரண்டாவதை அவர் சொல்லவில்லை, காளிராஜுக்கே விளங்கியது.

இந்த நேரத்தில்தான் ஷாகிரைப் பற்றிக் கேள்விப்பட்டான். ஷாகிர் கீழக்கரைப் பையன்தான். ஷார்ஜாவில் ஒரு பெரிய ஷோரூம் ஒர்க்ஷாப்பில் எட்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன். ஷோரூம்காரர்கள் மட்டும் வைத்திருக்கிற சாஃப்ட்வேரை ஒரு லேப்டாப்பில் வைத்துக்கொண்டு, வண்டிக்குள் ஒளிந்துகிடப்பதை எல்லாம் திறந்துவிடுகிறான் என்று ஊரில் பேச்சு. ஒருத்தன் வண்டியில் கண்ணாடிகள் தாமாக மடிந்தன. இன்னொருத்தன் வண்டியில், இறங்கி வீட்டுக்குள் போகும்வரை விளக்கு எரிந்து வழிகாட்டியது. பழைய வண்டிக்குப் புது மாப்பிள்ளைக் களை வந்துவிட்டதென்று இளவட்டங்கள் அவன் வீட்டு வாசலில் வரிசையில் நின்றார்கள்.

காளிராஜ் போய், உள்ளே ஆள் இருந்தால் எப்படிப் பூட்டினாலும் கைப்பிடியை இழுத்தால் கதவு திறக்க வேண்டும், அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டான்.

"அது வண்டிக்குள்ளேயே இருக்குண்ணே," என்றான் ஷாகிர். "ஒரே வண்டிதான் எல்லா நாட்டுக்கும் செய்யிறான். நம்ம ஊருக்கு அனுப்பும்போது பாதியை மூடிட்டு அனுப்புறான். நான் புதுசா ஒண்ணும் வைக்கிறதில்ல, மூடினதைத் திறக்குறேன், அம்புட்டுத்தான்."

காளிராஜுக்குப் போன உயிர் திரும்பியது. லாக்கைச் சரிசெய்துவிட்டால், கோளாறு இருந்தது, சரியாகிவிட்டது என்று சொல்லிவிடலாம். லாத்தா ஏறுவார், வண்டி தங்கும், வேலை தங்கும், பொய்யும் ஒருவழியாக உண்மையாகிவிடும். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துக் குணமாக்கும் யோசனைதான் இது. முழுகப் போகிறவனுக்கு அதெல்லாம் தோன்றாது. லாத்தாவிடம் அனுமதி கேட்டான்.

"என்னமும் செஞ்சுக்க," என்றார் லாத்தா, கையிலிருந்த வெங்காயத்தை விட்டுத் தலை நிமிராமல். "நான் ஏறமாட்டேன்."

மறுநாள் பதினோரு மணிக்கு ஷாகிர் வந்தான். ஷெட்டிலேயே வேலை. பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டினான், ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் சொருகி லேப்டாப்பில் சேர்த்தான், முன்சீட்டில் உட்கார்ந்து வண்டியின் உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தேட விட்டான். பிறந்ததிலிருந்து வண்டிக்கு வந்த வியாதி எல்லாம் திரையில் வரிசையாக வந்தது.

"பேட்டரி ரெண்டு வாட்டி இறங்கியிருக்கு. ஏசியில கேஸ் குறைஞ்சிருக்கு. பின்னால ஒரு பல்பு பீஸாயிருக்கு," என்று வாசித்துக்கொண்டே வந்தவன் நிறுத்தினான். "லாக்குல ஒண்ணுமே பதியலையேண்ணே. தானா பூட்டிக்கிச்சுன்னீங்க."

காளிராஜ் பார்வையைத் திரையிலிருந்து எடுத்தான். "சில நேரம் பதியாமப் போகும்ல தம்பி?"

"பதியாம எங்கன போகும்?"

ஷாகிர் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் கேட்காமல் விட்ட கேள்வி, கேட்ட கேள்வியைவிட அதிகமாகக் காளிராஜைக் குடைந்தது.

லாக்கைக் கவனிக்கிற பெட்டியில் இருந்த சாஃப்ட்வேர் பழசாம். புதியதை ஏற்றினால்தான் அந்த வசதி கண்ணில் படுமாம். ஷாகிர் பழையதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, புதியதை ஏற்ற ஆரம்பித்தான். திரையில் ஒரு பச்சைக்கோடு மெல்ல நகர்ந்தது. அரைமணி நேரம் ஆகும் என்றான். கீ ஆனில் இருக்க வேண்டும், கதவெல்லாம் மூடியிருக்க வேண்டும். கீயைப் போட்டதும் ரேடியோ தானாகப் பாட ஆரம்பித்தது. அதன் பட்டன் கடல்காற்றில் உப்புப் பூத்து இறுகி நாலு வருடமாகிறது, கீயைத் திருப்பினால்தான் நிற்கும் என்றான் காளிராஜ். பாடட்டும் விடுங்க, சார்ஜர் இருக்குல்ல என்றான் ஷாகிர். பிறகு மணியைப் பார்த்தான்.

"லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு. கைகால் கழுவி ஒளு செஞ்சு தொழுதுட்டு வந்துர்றேன். நீங்க இங்கனயே டிரைவர் சீட்டுல உக்காந்து பார்த்துக்கங்க. கோடு முழுசாப் போகட்டும். எதையும் தொட்டுறாதீங்கண்ணே. பாதியில நின்னுச்சுன்னா அந்தப் பெட்டிக்குத் தான் யாருன்னே தெரியாமப் போயிரும்."

"நான் எதுக்குத் தம்பி தொடப்போறேன்," என்றான் காளிராஜ்.

அவன் உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே புழுங்கியது. பச்சைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கால்வாசி போனது. பாதி போனது. ரேடியோவில் எவனோ காதலுக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தான். பாதிக்குக் கொஞ்சம் மேலே போனபோது பள்ளிவாசலிலிருந்து தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் எழுந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே லாத்தா அவனுக்குச் சொன்ன ஒரே சட்டம், பாங்கு சொல்லும்போது பாட்டு ஓடக் கூடாது என்பது. ஒன்பது வருடத்தில் அவன் அதை ஒருநாளும் மீறியதில்லை. ஊருக்குப் போயிருக்கும்போது சுகந்தி டிவி பார்த்துக்கொண்டிருந்தால்கூட, எங்கோ தூரத்தில் பாங்கு கேட்டால் எழுந்துபோய் நிறுத்துவான். இப்போதும் பாங்கின் முதல் வார்த்தை காதில் விழுந்ததும் அவன் கை, அவனைக் கேட்காமல், கீயைத் திருப்பிவிட்டது.

பாட்டு நின்றது. பச்சைக்கோடும் நின்றது. திரை சிவப்பானது. நாலு கதவும் ஒரேசேர டொக்கென்று பூட்டிக்கொண்டன.

சில நொடி அவனுக்கு என்ன நடந்ததென்றே விளங்கவில்லை. கீயைத் திரும்பப் போட்டான்; ஒன்றும் எரியவில்லை. கைப்பிடியை இழுத்தான், சும்மா வந்து போனது. கண்ணாடி இறங்கவில்லை. ஹார்ன் அடிக்கவில்லை. கீயை உருவி ரிமோட்டை அமுக்கினான். வண்டிக்கு அவன் யாரென்றே தெரியவில்லை. மாற்றுச்சாவி ஹமீது சுல்தானின் பையோடு துபாய் போய் இரண்டு வருடம் ஆகிறது. அவன் போன், ஷெட் சுவர் மாடத்தில் அவன் வைத்த இடத்திலேயே கண்ணுக்குத் தெரிகிறாற்போல் இருந்தது.

தெருவில் ஆண்கள் எல்லாரும் தொழுகைக்குப் போயிருந்தார்கள். கண்ணாடியைத் தட்டினான். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. இன்னும் பலமாகத் தட்டினான். முன்கண்ணாடியைக் காலால் உதைத்துப் பார்த்தான், அசையவில்லை. மூச்சு சின்னதாகிக்கொண்டே வந்தது. போகப் போக அவன் தட்டுவது தட்டுவதாக இல்லை, உள்ளங்கையால் அறைவதாக இருந்தது. அந்தச் சத்தத்தை அவன் முன்பே வெளியிலிருந்து கேட்டிருக்கிறான். இப்படித்தான் இருந்ததா லாத்தாவுக்கு என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பயத்தில் வந்தது பாதி, வெட்கத்தில் வந்தது பாதி.

அடுப்படி வாசல் திறந்தது. லாத்தா தொழுகைக்கு ஒளு செய்த ஈரக்கையோடு, முக்காட்டைச் சரிசெய்தபடி, முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். ஒரு வருடத்தில் அந்த வண்டிக்கு அவ்வளவு பக்கத்தில் அவர் வந்தது அன்றுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து பார்த்தார்.

"என்ன காளி?"

"பூட்டிக்கிச்சு லாத்தா. திறக்க மாட்டேங்குது."

"தானா பூட்டிக்கிச்சோ?"

லாத்தா கேட்டது அதட்டலாக இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். காளிராஜுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கேட்க வேண்டுமே என்று உரக்கச் சொன்னான்.

"அன்னைக்குத் தானா பூட்டல லாத்தா. நான்தான் ரிமோட்டை அமுக்கிட்டுப் போனேன். உங்களை உள்ள வச்சு நான்தான் பூட்டுனேன். வேலை போயிரும்னு பொய் சொல்லிட்டேன்."

குனிந்திருந்த லாத்தா நிமிர்ந்தார்.

"தெரியும்," என்றார். திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

காளிராஜ் அந்த வாசலையே பார்த்தான். இதுதான் நமக்கு வேண்டும் என்று நினைத்தான். லாத்தா தொழப் போய்விட்டார், தொழுது முடித்து வருவதற்குள் நம் கதை முடிந்துவிடும், சுகந்திக்கு யார் போய்ச் சொல்வார்கள் என்றெல்லாம் மனம் ஓடியது. அதற்குள் லாத்தா திரும்பி வந்தார். இரண்டு கையிலும் அம்மிக்குழவியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் அணைத்துத் தூக்கி வந்தார்.

"அந்தப் பக்கமாத் திரும்பி மூஞ்சியை மூடிக்க."

பிஸ்மி சொல்லி ஒரே போடு. பின்கதவுக் கண்ணாடி கற்கண்டாக உதிர்ந்து சீட்டெல்லாம் கொட்டியது. காற்று உள்ளே வந்தது. அவ்வளவு சுகமான காற்றைக் காளிராஜ் அதுவரை வாங்கியதில்லை. சாவியை நீட்டு என்று லாத்தா கை நீட்டினார். அவன் கொடுத்த சாவியை டிரைவர் கதவின் துளையில் போட்டுத் திருகினார். கதவு திறந்தது. அவன் இறங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

லாத்தா செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.

"எப்படித் தெரியும் லாத்தா?"

"நீ கையைப் பின்னால நீட்டி அமுக்கிட்டுப் போனதை நான் கண்ணாடி வழியாப் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். டொக்குன்னு சத்தம் வந்துச்சு. உள்ள இருந்த எனக்குக் கேக்காதா?"

"பின்ன ஏன் லாத்தா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். இன்னைக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு பார்த்துப் பார்த்து வருசம் ஓடிருச்சு. மறந்து பூட்டிட்டேன் லாத்தான்னு அங்கனயே சொல்லியிருந்தா அந்த வண்டிலயே திரும்பி வந்திருப்பேன். யாரு மறக்கல? உங்க ஹமீது காக்கா என்னை மதுரை ரயிலடியில மறந்துட்டுப் போனவருதான்." லாத்தா குழவியின்மேல் ஒட்டியிருந்த கண்ணாடித் துகளைத் தட்டினார். "வண்டிக்குப் பயந்தேன்னு நினைச்சியா? கோவம் காளி. அவருகிட்டச் சொன்னா உன்னை அன்னைக்கே அனுப்பிருவாரு. சொல்லவும் மனசு வரல, ஏறவும் மனசு வரல. ஆட்டோக்காரன் குலுக்குன குலுக்குல என் முட்டி ரெண்டும் போச்சு. என் வீம்புக்கு நானும்தான் பட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். காளிராஜும் சிரிக்கப் பார்த்தான். முகம் அழுகைக்குத்தான் போனது. ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு வருடமாக அடைத்துக்கொண்டிருந்தது இறங்கிவிட்டது. மூச்சு அடிவயிறு வரை போய்த் திரும்பியது.

ஷாகிர் வந்து, உடைந்த கண்ணாடியையும் சிவந்த திரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்னண்ணே பண்ணுனீங்க?"

"பாங்கு சொன்னாக தம்பி. கை தானா கீக்குப் போயிருச்சு."

ஷாகிர் திட்டுவதற்கு வாயைத் திறந்தான். எதைச் சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டான். எடுத்து வைத்திருந்த பிரதியை முதலில் ஏற்றினான். அந்தப் பெட்டிக்குத் தான் யாரென்பது ஞாபகம் வந்தது. பிறகு புதியதை முதலிலிருந்து ஏற்றினான். இந்த முறை ரேடியோவின் ஒயரையே பிடுங்கிவிட்டான். காளிராஜை வண்டிப் பக்கமே விடவில்லை. லாத்தா தொழுது, சாப்பிட்டு, ஷாகிருக்கும் காளிராஜுக்கும் சோறு போட்டு முடிக்கும்போது பச்சைக்கோடு கடைசிவரை போயிருந்தது. ஷாகிர் உள்ளே உட்கார்ந்துகொண்டு, காளிராஜை வெளியிலிருந்து ரிமோட்டால் பூட்டச் சொன்னான். பூட்டியது. உள்ளேயிருந்து கைப்பிடியை இழுத்தான். திறந்தது. நாலு கதவிலும் அப்படியே செய்து காட்டினான்.

"இனி யாரும் உள்ள மாட்டிக்க முடியாதுண்ணே," என்றான்.

"இந்தக் கண்ணாடியை எங்கன போடுவாக?" என்று கேட்டார் லாத்தா.

"ராம்நாட்டுலதான் லாத்தா," என்றான் காளிராஜ்.

"அப்பக் கிளம்பு. அப்படியே என் தங்கச்சியையும் பார்த்துட்டு வரலாம்."

சீட்டில் கிடந்த கண்ணாடித் துகளைக் காளிராஜ் மூன்று முறை துடைத்தான். லாத்தா பின்சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தார். வண்டி கேட்டைத் தாண்டியபோது, தெருமுனை ஆட்டோக்காரன் பார்த்த பார்வையைக் காளிராஜ் ஆசை தீர அனுபவித்தான்.

ஊர் எல்லை தாண்டும்போது துபாயிலிருந்து போன். லாத்தா ஸ்பீக்கரில் போட்டார். வண்டியை வாங்க ஆள் கிடைத்துவிட்டது, நாளைக்குப் பார்க்க வருவான் என்றார் ஹமீது சுல்தான்.

"வர வேணாம்னு சொல்லிருங்க. நான் இப்ப வண்டிக்குள்ளதான் உக்காந்திருக்கேன்."

ஹமீது சுல்தானுக்கு அவர் பேச்சைவிடக் காற்றுத்தான் பலமாகக் கேட்டது. "அது என்ன அவ்வளவு காத்துச் சத்தம்?"

"கண்ணாடி இல்ல. நான்தான் உடைச்சேன்."

"நீயா? ஏன்?"

லாத்தா போனைத் தாழ்த்திப் பிடித்தார். டிரைவர் தலைக்குமேல் இருந்த கண்ணாடியில் காளிராஜைப் பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, கட்டாயமும் இல்லை. காளிராஜ் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினான். திரும்பி, போனைக் கொடுங்க லாத்தா என்று கேட்டு வாங்கி, நடந்ததை முதலிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னான். ரிமோட்டைச் சொன்னான், டீக்கடையைச் சொன்னான், பொய்யைச் சொன்னான். ஹமீது சுல்தான் திட்டினார். அப்படித் திட்டுவார் என்று ஒரு வருடமாகப் பயந்தானே, அதைவிட அதிகமாகவே திட்டினார். காளிராஜ் வேலியோரக் கருவேலத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஆமா காக்கா, தப்புத்தான் காக்கா என்றான். ஒவ்வொரு வசவுக்கும் உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. கடைசியில் அவருக்கே மூச்சு வாங்கியது.

"வெள்ளிக்கிழமை விடிகாலம் மதுரை ஏர்போர்ட்டுல நிக்கணும்," என்றார். "லேட்டாக்குனே, தொலைச்சுப்புடுவேன்."

"வந்துர்றேன் காக்கா."

போனை லாத்தாவிடம் கொடுக்கத் திரும்பினான். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. தலை சீட்டில் சாய்ந்திருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. வெளியிலிருந்து வந்த காற்றில் முக்காட்டின் ஓரம் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வண்டியில், அந்தச் சீட்டில், லாத்தா தூங்கிப்போயிருந்தார்.

காளிராஜ் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வண்டியை மெல்ல எடுத்தான். திருப்புல்லாணி தாண்டும்வரை பின்னால் வந்த பஸ்களையும் வேன்களையும் ஆட்டோவையும்கூட முந்திப் போகவிட்டு, பள்ளம் பார்த்து, மேடு பார்த்து, மெதுவாகவே ஓட்டினான்.